சோதனைக்கு முன்னால் ஒரு சோதனை

பெரிய மாப்பிள்ளையிடமும் சின்ன மாப்பிள்ளையிடமும் இருந்தது ஒரே கம்பெனியின் ஒரே வருடத்துக் கார். நிறம்கூட ஒன்றுதான், சாம்பல். அவர்கள் மனைவிமாரான அக்காவும் தங்கையும் கூடிப் பேசி, ஒரே நாளில், ஒரே ஆளிடம், இரண்டையும் பழைய வண்டிகளாக வாங்க வைத்தார்கள். "ரெண்டும் ஜோடியா நின்னா எவ்வளவு நல்லா இருக்கும்!" என்றாள் அக்கா.

ஜோடியாக நிற்பதில்தான் வம்பே. தனியாக நின்றிருந்தால் சின்ன மாப்பிள்ளையின் வண்டியை யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். மாமனார் வீட்டு வாசலில் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தும்போது, ஒன்று நேற்றுதான் பிறந்தது போலவும் இன்னொன்று அதைப் பெற்றெடுத்தது போலவும் தெரிந்தன.

சின்ன மாப்பிள்ளைக்குப் பூட்டு வேலை. கடைத்தெருவில் ஒரு ஆள் நிற்கிற அகலத்துக்கு ஒரு சாவிக் கடை. வீட்டைச் சாத்திக்கொண்டு சாவியை உள்ளேயே மறந்துவிட்டவர்கள் போன் செய்தால், கருவிப் பையைப் பின்சீட்டில் எறிந்துவிட்டு ஓடுவார். அந்த வண்டிக்குக் குளிப்பதற்கெல்லாம் நேரம் கிடையாது. பெரிய மாப்பிள்ளை பல் செட் செய்கிறவர். பல் மருத்துவமனையின் பின்பக்க அறையில், வளைகிற விளக்கின் அடியில் குனிந்து உட்கார்ந்து, ஒரே ஒரு பல்லை அரைநாள் தேய்ப்பார். அந்தக் கைக்கு அவசரம் என்றால் என்னவென்றே தெரியாது. காரையும் அதே கையால்தான் துடைப்பார்.

மாமனாரின் பல் செட்டும் அவர் செய்து கொடுத்ததுதான். மாமனார் சிரிக்கும்போதெல்லாம் சின்ன மாப்பிள்ளையின் கண்ணுக்குச் சகலையின் கைவேலைதான் பளிச்சென்று தெரியும். அதனாலேயே மாமனாரிடம் வேடிக்கையாகப் பேசுவதை இவர் குறைத்துக்கொண்டார்.

பொறாமை என்று இவர் அதற்குப் பெயர் வைக்கவில்லை. "எனக்கு அந்த ஆள் மேல ஒண்ணும் இல்ல, ஆனா எல்லாரும் தலையில தூக்கி வச்சுக்கிட்டு ஆடுறாங்க பாரு, அதான்" என்று மனைவியிடம் சொல்வார். மனைவி பதில் சொல்லாமல் துணியை உதறி மடிப்பாள். அவள் பதில் சொல்லாமல் இருப்பது, "ஆடட்டும், ஆடுற மாதிரிதானே அவரும் இருக்காரு" என்று சொன்னதைவிடச் சத்தமாகக் கேட்கும்.

இரண்டு வண்டிக்கும், ஓட்டத் தகுதியானதா என்று வருடா வருடம் பார்க்கிற கட்டாயச் சோதனை ஒரே மாதத்தில்தான் வரும். ஒரே நாளில் வாங்கிய பலன். அந்த மாதம் வந்தால் பெரிய மாப்பிள்ளை முதலில் தன் மெக்கானிக்கிடம் போவார். அடி முதல் நுனி வரை பார்க்கச் சொல்லி, அவர் சொல்வதையெல்லாம் மாற்றிவிட்டு, பிறகுதான் சோதனை நிலையத்துக்குப் போவார். சின்ன மாப்பிள்ளை நேரே போய் நிற்பார். இதுவரை இரண்டு பேரும் ஒவ்வொரு வருடமும் முதல் தடவையிலேயே தேறியிருந்தார்கள். சகலையை ஒரு படி கீழே வைத்துப் பேச இவருக்கு இருந்த ஒரே இடம் அதுதான்.

அந்த வருடம் மாமனாருக்குக் கண் அறுவை சிகிச்சை. மலைப்பாதையைத் தாண்டி அந்தப் பக்கம் இருக்கும் ஊரில்தான் நல்ல கண் மருத்துவமனை. ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் மாமனார் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, யார் வண்டியில் போவது என்ற பேச்சு வந்தது. பேச்சு என்றுகூடச் சொல்ல முடியாது.

"பெரிய மாப்பிள்ளை கூட்டிட்டுப் போயிடட்டும்" என்றார் மாமனார், குழம்புக் கிண்ணத்தை நகர்த்தச் சொல்வதுபோல. அவர் ஓய்வு பெற்ற பஸ் ஓட்டுநர். அதே மலைப்பாதையில் வாழ்நாள் முழுக்கப் பஸ் ஓட்டியவர். அவர் ஒரு வண்டியில் நம்பி ஏறுகிறார் என்றால் அது பெரிய சான்றிதழ். சின்ன மாப்பிள்ளையின் வண்டியில் அவர் ஏறியதே இல்லை என்று இல்லை. ஏறினால் கதவோரப் பிடியை விடமாட்டார்.

"அதுக்கு முன்னாடி இன்ஸ்பெக்‌ஷன் இருக்கு மாமா. மெக்கானிக்கிட்ட காட்டிட்டு, தேத்திட்டு, அப்புறம் நிம்மதியாப் போகலாம்" என்றார் பெரிய மாப்பிள்ளை.

சின்ன மாப்பிள்ளைக்குச் சோறு இறங்கவில்லை.

"எதுக்கு சகலை ரெட்டை வேலை?" என்றார். "சோதனை நிலையத்துல இருக்கிறவன் எதுக்கு இருக்கான்? எது சரியில்லைன்னு அவனே சொல்லப் போறான். சொன்னா அதை மட்டும் சரி பண்ணிட்டு மறுபடி காட்டினாப் போச்சு. முன்கூட்டியே ஒர்க்‌ஷாப்புக்குப் போனா, அவன் இல்லாத வியாதியெல்லாம் கண்டுபிடிப்பான். நல்லா இருக்கிற பாகத்தைக் கழட்டி வச்சுக்கிட்டு இன்னொண்ணை மாட்டுவான். பயந்தவங்க இருக்கிற வரைக்கும் அவன் பிழைப்பு ஓடும்."

"பரீட்சைக்கு முன்னாடி ஒரு தடவை புரட்டிப் பார்க்கிறதில்லையா? அது மாதிரிதான்" என்றார் பெரிய மாப்பிள்ளை, கோபப்படாமல். அவர் கோபப்படாததும் இவருக்குப் பிடிக்காத விஷயங்களில் ஒன்று.

"படிச்சவன் எதுக்குப் புரட்டணும்? நான் வருஷா வருஷம் நேராப் போறேன். ஒரு தடவையாவது திருப்பி அனுப்பினாங்களா? கேளுங்க, உங்க கொழுந்தியாகிட்டயே கேளுங்க."

தங்கை நிமிர்ந்து பார்த்தாள். "அது என்னவோ உண்மைதான் அத்தான்" என்றாள். அவள் தன் புருஷனுக்காகப் பேசியது அந்த மேஜையில் அபூர்வம். சின்ன மாப்பிள்ளை இன்னொரு கரண்டி சோறு போட்டுக்கொண்டார்.

ஆனால் வீட்டுக்குத் திரும்பும் வழியில், சிக்னலில் பிரேக்கை மிதித்தபோது, முன்சக்கரத்திலிருந்து ஒரு சத்தம் வந்தது. தட்டில் ஆணியால் கோடு போட்ட மாதிரி. மனைவி போனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இவர் ரேடியோவைக் கொஞ்சம் ஏற்றி வைத்தார். அடுத்த சிக்னலிலும் அதே சத்தம் வந்தது.

இரண்டு நாள் அந்தச் சத்தம் இவர் கூடவே சுற்றியது. கடையில் சாவி ராவும்போதும் அதே கிறீச். வண்டி எங்காவது மோதிவிடுமோ என்று இவர் பயப்படவில்லை. பயந்திருந்தால் அது நியாயமான பயமாக இருந்திருக்கும். இவர் கண்முன் வந்து நின்றது வேறு காட்சி. சகலையின் வண்டி தேறி வெளியே வருகிறது. இவர் வண்டி திருப்பி அனுப்பப்படுகிறது. சகலை தோளில் கை வைத்து, "பரவாயில்ல சகலை, சின்ன விஷயந்தான்" என்று ஆறுதல் சொல்கிறார். அந்த ஆறுதலைத்தான் இவரால் தாங்க முடியாது.

மூன்றாம் நாள் கடையைச் சாத்திவிட்டு, ஊரின் மறுகோடியில், சோதனை நிலையத்துக்குப் பின்னால் இருந்த ஒரு ஒர்க்‌ஷாப்புக்குப் போனார். சகலையின் மெக்கானிக் இருப்பது இந்தக் கோடியில். அங்கே தெரிந்தவர் யாரும் வரமாட்டார்கள். நடத்துகிற ஆளை எல்லோரும் 'டார்ச்' என்று கூப்பிட்டார்கள். வண்டிக்கடியில் இரண்டு கையாலும் வேலை பார்ப்பதற்காக டார்ச் விளக்கை வாயில் கவ்விக்கொண்டிருப்பார். அப்படியே பேசவும் செய்வார். பாதி வார்த்தைதான் வெளியே வரும்.

"ஹேக் ஹேஞ்சு ஹோச்சு" என்றார் அடியிலிருந்து.

"என்னது?"

டார்ச் விளக்கை எடுத்தார். "பிரேக் கட்டை தேய்ஞ்சு போச்சு சார். தகடோட தகடு உரசுது. ஒரு ஹெட்லைட் வேற மானத்தைப் பார்த்துக்கிட்டு நிக்குது. எப்ப காட்டணும்?"

"அடுத்த வாரம். இப்படியே போனா விட்டுடுவாங்களா?"

"விடமாட்டாங்க. விட்டாலும் நான் விடமாட்டேன்."

சின்ன மாப்பிள்ளை சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் கேட்டார். "பொதுவாக் கேட்கிறேன். இன்ஸ்பெக்‌ஷனுக்கு முன்னாடி இப்படிக் கொண்டுவந்து காட்டுறது, நிஜமாவே பிரயோசனம்தானா? இல்ல உங்களுக்கு வருமானமா?"

டார்ச் கோபித்துக்கொள்ளவில்லை. "ரெண்டுந்தான்" என்றார். "புது வண்டிக்கு வேஸ்ட். லைட்டு, டயரு, வைப்பரு எல்லாம் அவங்களே பார்த்துக்கலாம். பழைய வண்டிக்கு அப்படி இல்ல. அதுவும் ஆளைப் பொறுத்தது. சில பேரு சத்தம் வந்தா அன்னிக்கே கொண்டு வருவாங்க. அவங்களுக்குத் தேவையே இல்ல. சில பேரு ரேடியோவை ஏத்தி வச்சுடுவாங்க."

இவர் வேறு பக்கம் பார்த்தார்.

பிரேக் மாற்றி, விளக்கை நேர்ப்படுத்தி, காற்று வடிகட்டியையும் மாற்றலாமா என்று டார்ச் கேட்க, "அது கிடக்கட்டும்" என்று சொல்லிவிட்டு இவர் வண்டியை எடுத்தார். வீட்டில், பூட்டு உடைக்கப் போன இடத்தில் நேரமாகிவிட்டது என்று சொன்னார். மனைவி நம்பினாள்.

சோதனை நாளன்று காலையில், நிலையத்தின் வரிசையில் இவருக்கு முன்னால் நின்ற சாம்பல் கார் யாருடையது என்று பார்க்கவே தேவையில்லை. அந்த ஊரில் அப்படிப் பளபளக்கிற பின்கண்ணாடி வேறு எந்தப் பழைய காருக்கும் கிடையாது. பெரிய மாப்பிள்ளை இறங்கி வந்து இவர் ஜன்னலில் குனிந்தார்.

"நல்லதாப் போச்சு, ஒண்ணா வந்துட்டோம். எனக்குக் கொஞ்சம் படபடன்னு இருக்கு சகலை."

"உங்களுக்கென்ன படபடப்பு? மெக்கானிக் எல்லாம் பார்த்திருப்பாரே."

"இல்ல. என் மெக்கானிக், அவர் பொண்ணோட பிரசவத்துக்காக ஊருக்குப் போயிட்டாரு. வேற ஆளைத் தேடலாமான்னு யோசிச்சேன். அப்புறம் நீங்க சொன்னது ஞாபகம் வந்துச்சு. எதுக்கு ரெட்டை வேலைன்னு. சரி, நாமளும் ஒரு தடவை தைரியமா நேராப் போய்ப் பார்ப்போமேன்னு வந்துட்டேன்."

சின்ன மாப்பிள்ளையின் கை ஸ்டியரிங்கில் அப்படியே நின்றது. அப்போது சொல்லியிருக்கலாம். "நான் போன வாரம் காட்டிட்டுத்தான் வந்திருக்கேன்" என்று ஒரு வரி போதும். வரிசையிலிருந்து விலகி, பின்பக்கத் தெருவில் இருக்கிற டார்ச்சிடம் ஒரு எட்டு காட்டிவிட்டு வாருங்கள் என்று சொல்லியிருக்கலாம். சொல்ல வாயைத் திறந்ததும் உண்மை.

"ஒண்ணும் ஆகாது, போங்க" என்றார்.

முதலில் பெரிய மாப்பிள்ளையின் வண்டி உள்ளே போனது. விளக்குகள் சரி. டயர் சரி. ஹார்ன் சரி. இருக்கைப் பட்டையை இழுத்துப் பார்த்த ஆய்வாளர், வண்டி இவ்வளவு சுத்தமாக இருப்பதைப் பார்த்து ஏதோ பாராட்டிச் சொன்னார். பெரிய மாப்பிள்ளை கூச்சத்தோடு சிரித்தார். கண்ணாடித் தடுப்புக்கு இந்தப் பக்கம் நின்ற சின்ன மாப்பிள்ளைக்கு அந்தப் பாராட்டு என்னவென்று கேட்கவில்லை. கேட்காமலேயே எரிச்சல் வந்தது.

அடுத்தது பிரேக். சக்கரங்களை உருளைகளின் மேல் ஏற்றி, அவை சுழலும்போது பிரேக்கை அழுத்த வேண்டும். "இன்னும் அழுத்துங்க" என்று ஆய்வாளர் கையைக் காட்டினார். "நல்லா அழுத்துங்க." பெரிய மாப்பிள்ளை அழுத்தினார். அடியில் 'பட்'டென்று ஒரு சின்னச் சத்தம். அவருடைய உடம்பு ஒரு சாண் முன்னால் சாய்ந்தது. மிதிக்கட்டை தரைவரைக்கும் போய்விட்டது. வண்டிக்கடியில் பிரேக் எண்ணெய் கோடாக ஓடி வந்தது.

ஆய்வாளர் வண்டிக்கு அடியிலிருந்த குழிக்குள் இறங்கிப் பார்த்துவிட்டு வந்தார். பின்சக்கரத்துக்குப் போகிற பிரேக் குழாய் துருப்பிடித்து, உள்ளுக்குள்ளேயே அரித்து, அழுத்தம் தாங்காமல் வெடித்திருந்தது. "இதை ஓட்டிட்டுப் போகக் கூடாது. இழுத்துட்டுப் போற வண்டியை வரச் சொல்லுங்க" என்றார்.

பெரிய மாப்பிள்ளையின் முகத்தில் ஈயாடவில்லை.

சின்ன மாப்பிள்ளைக்கு முதலில் வந்தது சந்தோஷம். அதை மறைத்துச் சொல்வதில் அர்த்தமில்லை. நெஞ்சுக்குள் யாரோ விளக்குப் போட்ட மாதிரி குப்பென்று ஒரு சந்தோஷம். அப்புறம் அந்த மலைப்பாதை ஞாபகம் வந்தது. வளைவுகள், மாமனார், மருத்துவமனை. அப்போது பயம் வந்தது. ஆனால் அந்தப் பயத்துக்கு அடியிலும் அந்தச் சந்தோஷம் அணையாமல் கிடந்தது. அதுதான் இவருக்கே பிடிக்கவில்லை.

அடுத்து இவர் வண்டி உள்ளே போனது. புதுப் பிரேக் கச்சிதமாகப் பிடித்தது. தேறிவிட்டது.

அன்று சாயங்காலம் மாமனார் வீட்டில் சின்ன மாப்பிள்ளைக்கு நடுநாற்காலி கிடைத்தது. மனைவி போனில் யாரிடமோ, "எங்க வீட்டுக்காரர் எந்த மெக்கானிக்கிட்டயும் போகமாட்டார். வண்டியோட நாடி அவருக்குத் தெரியும்" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். இவர் காதில் விழட்டும் என்றே கொஞ்சம் சத்தமாகச் சொன்னாள். கல்யாணமான புதிதில்கூட அவள் அந்தக் குரலில் இவரைப் பற்றிப் பேசியதில்லை. அக்கா வாடிய முகத்தோடு எல்லோருக்கும் டீ கொடுத்தாள். போனை வைத்துவிட்டு வந்த தங்கை ஒரு வார்த்தை ஆறுதல் சொல்லியிருக்கலாம். மாறாக, "மேல மட்டும் தேய்ச்சுக்கிட்டு இருந்தா போதுமாக்கா? அடியில என்ன இருக்குன்னும் பார்க்கணுமில்ல" என்றாள்.

மாமனார் தொண்டையைச் செருமினார். "அப்ப கண் ஆஸ்பத்திரிக்கு சின்ன மாப்பிள்ளை வண்டியிலயே போயிடலாம்."

எத்தனையோ காலமாக ஏங்கிய வாக்கியம். வந்துவிட்டது. ஆனால் சாப்பிடும்போது நாக்கில் உப்பில்லாத மாதிரி இருந்தது. ஒருவருக்கும் தெரியாத ஒன்றைப் பல்லுக்கடியில் வைத்துக்கொண்டு சிரிக்க வேண்டியிருந்தது. அதைவிட மோசம், பெரிய மாப்பிள்ளை எழுந்து வந்து கையைக் குலுக்கி, "நீங்க கெட்டிக்காரர் சகலை" என்று மனதாரச் சொன்னதுதான். தோற்றவன் கொஞ்சமாவது கறுவ வேண்டாமா? இந்த ஆளுக்குத் தோற்கக்கூட அழகாகத் தெரிந்திருக்கிறதே என்று இவருக்குப் புதிதாக ஒரு புகைச்சல் கிளம்பியது.

மறுநாள் காலையில், நிலையத்தின் முற்றத்தில் கிடந்த காரை இழுத்துப் போக வண்டி வந்தது. "நீங்களும் கூட வாங்களேன். உங்களுக்கு இதெல்லாம் தெரியும்" என்று சகலை கூப்பிட்டிருந்தார். தட்ட முடியவில்லை. இழுவை வண்டி முன்னால் போக, இவர் தன் காரில் சகலையை உட்கார வைத்துக்கொண்டு பின்னால் போனார்.

இழுவை வண்டி இடது பக்கம் திரும்பியது. நிலையத்தைச் சுற்றிக்கொண்டு பின்பக்கத் தெருவுக்குள் நுழைந்தது.

"இந்தப் பக்கம் எங்க போறான்?" என்றார் சின்ன மாப்பிள்ளை. குரல் ஒரு மாதிரி வந்தது.

"பக்கத்துலயே ஒரு நல்ல ஒர்க்‌ஷாப் இருக்காம். டிரைவர்தான் சொன்னார். யாரோ டார்ச்சாம்."

"அவன் வேண்டாமே. அவன்... அவனைப் பத்தி நல்லபடியா கேள்விப்படலை."

"வண்டி உள்ளயே போயிடுச்சே சகலை."

இவர் தெருமுனையிலேயே காரை நிறுத்தினார். போன் வந்தது போல எடுத்துக் காதில் வைத்துக்கொண்டு, "நீங்க போங்க, நான் பேசிட்டு வரேன்" என்று கையைக் காட்டினார். சகலை நடந்து போனார். இவர் பேசாத போனைக் காதில் வைத்தபடி, ஒரு துணிக்கடையின் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டு நின்றார். அப்படியே எவ்வளவு நேரம் நிற்பது? ஒர்க்‌ஷாப் வாசலில் எண்ணெய்க் கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்த டார்ச், இவரைப் பார்த்துவிட்டார். வாயிலிருந்த விளக்கை எடுத்தார்.

"சார்! அங்க ஏன் நிக்கிறீங்க, உள்ள வாங்க! புதுப் பிரேக் எப்படிப் பிடிக்குது? முதல் தடவையே தேறிட்டீங்களா? அன்னிக்கே சொன்னேனே, காட்டாமப் போயிருந்தா திருப்பி அனுப்பியிருப்பாங்கன்னு!"

தெருவுக்கே கேட்டது. பக்கத்தில் நின்ற பெரிய மாப்பிள்ளை, டார்ச்சைப் பார்த்தார். பிறகு இவரைப் பார்த்தார். உள்ளே திரும்பி, தன் காரின் அடியில் குனிந்து எதையோ பார்ப்பது போல நின்றுகொண்டார்.

டார்ச் பழைய குழாயைக் கழற்றிக் காட்டினார். விரலால் அழுத்தினாலே உதிர்ந்தது. "இது ஒரே நாள்ல ஆனதில்ல. போன தடவை பார்த்தவங்க ஒண்ணும் சொல்லலையா?"

"என் மெக்கானிக் சொன்னாரு" என்றார் பெரிய மாப்பிள்ளை மெதுவாக. "அடுத்த வருஷம் இதை மாத்திடணும்னு சொன்னாரு. எனக்குத்தான் மறந்துடுச்சு."

திரும்பும்போது ஒரு பள்ளிக்கூட வாசலில் பிள்ளைகள் சாலையைக் கடப்பதற்காக நிறுத்த வேண்டியிருந்தது. அங்கேதான் பெரிய மாப்பிள்ளை பேசினார்.

"வரிசையில நிக்கும்போது ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம் சகலை."

"சொல்லியிருக்கலாம்."

"படபடன்னு இருக்குன்னு நான் சொன்னப்ப, போங்கன்னுதானே சொன்னீங்க."

பின்னால் ஒருவன் ஹார்ன் அடித்தான். பிள்ளைகள் எல்லோரும் கடந்து போயிருந்தார்கள்.

கொஞ்ச தூரம் போனபிறகு சகலை தானாகச் சிரித்தார். நல்ல சிரிப்பு இல்லை, மூக்கால் விட்ட சிரிப்பு. "ஒண்ணு சொல்லட்டா? எனக்கு உங்க மேல எப்பவும் ஒரு பொறாமை. எதையும் சட்டை பண்ணாம நேராப் போய் நிக்கிறீங்களே, இந்த மனுஷனுக்குப் பயமே கிடையாதான்னு. நான் ஒரு ஸ்க்ரூவைப் பார்த்தாலும் பயப்படுறவன். அந்தப் பொறாமையிலதான் இந்தத் தடவை நேரா வந்தேன். இப்ப பார்த்தா நீங்களும் என்னை மாதிரிதான். அதுல எனக்குக் கொஞ்சம் சந்தோஷமாக்கூட இருக்கு."

சின்ன மாப்பிள்ளையால் நம்பவே முடியவில்லை. இந்த ஆள் தன் மேல் பொறாமைப்பட்டிருக்கிறார்! அதை இவ்வளவு வருடம் தெரியாமல் வீணாக்கிவிட்டோமே என்று இருந்தது.

"பயப்படாதீங்க, வீட்டுல யார்கிட்டயும் சொல்லமாட்டேன்" என்றார் பெரிய மாப்பிள்ளை இறங்கும்போது. "உங்க வீட்டுல கொழுந்தியா அவ்வளவு சந்தோஷமா இருக்கா. அதை ஏன் கெடுக்கணும்?"

மற்றவர்களுக்கு அந்த வார்த்தை நிம்மதியைத் தந்திருக்கும். சின்ன மாப்பிள்ளைக்குத் தரவில்லை. கடைக்குப் போனார். ஒரே சாவியை மூன்று தடவை தப்பாக ராவினார். சகலை சொல்லப் போவதில்லை. சொல்லமாட்டேன் என்றால் சொல்லமாட்டார், அது இவருக்குத் தெரியும். அப்படியென்றால் இனிமேல் ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும், அந்த மேஜையில், அந்த ஆள் பெருந்தன்மையாக வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். இவர் அவருடைய தயவில் நடுநாற்காலியில் உட்கார்ந்திருக்க வேண்டும். கார் சுத்தத்திலும் அவரே, பொறுமையிலும் அவரே, இப்போது நல்ல மனசிலும் அவரேவா?

கடையைப் பாதியில் சாத்திவிட்டு வீட்டுக்கு வந்தார். மனைவி சமையலறையில் இருந்தாள்.

"நான் போன வாரம் ஒர்க்‌ஷாப்புக்குப் போனேன்" என்றார் வாசற்படியில் நின்றபடியே. "பிரேக் தேய்ஞ்சு போயிருந்துச்சு. மாத்திட்டுத்தான் சோதனைக்குப் போனேன். உன் அத்தானுக்கும் அது தெரியும்."

அவள் அடுப்பை அணைத்தாள். "என்னது?"

முழுக்கச் சொன்னார். வரிசையில் நின்றபோது சொல்லாமல் விட்டதையும் சொன்னார். அந்த இடத்தில் அவள் முகம் மாறியது.

"குழாய் அங்க வெடிச்சதால தப்பிச்சாங்க. மலையில வெடிச்சிருந்தா?" என்றாள். "நான் வேற அக்காவை என்னவெல்லாம் பேசிட்டேன்! மேல மட்டும் தேய்ச்சா போதுமான்னு கேட்டேனே!" கையைத் துடைத்துக்கொண்டு நேரே போனை எடுத்தாள்.

இவர் கூடத்தில் உட்கார்ந்து, ஒரு பக்கத்துப் பேச்சை மட்டும் கேட்டுக்கொண்டிருந்தார். முதலில் மன்னிப்பு. பிறகு விவரம். பிறகு, "அத்தான் எல்லாம் தெரிஞ்சும் உன்கிட்ட சொல்லலையா? உன்கிட்டகூடவா? நிஜமாவா அக்கா? அத்தான் மாதிரி மனுஷன் கிடைக்கமாட்டாங்க."

சின்ன மாப்பிள்ளை தலையில் கை வைத்துக்கொண்டார். தானே வந்து சொல்லியும் நல்ல பெயர் சகலைக்கே போய்ச் சேர்ந்துவிட்டது.

போனை வைத்துவிட்டு மனைவி வந்து எதிரில் உட்கார்ந்தாள். "அத்தான் சொல்லமாட்டேன்னு சொன்ன பிறகும் நீங்களா ஏன் வந்து சொன்னீங்க?"

உண்மையான காரணத்தைச் சொன்னால் சிரிப்பாள். "மனசு கேட்கலை" என்றார்.

அவள் நம்பவில்லை. ஆனாலும், "சரி, சொன்னீங்களே" என்று எழுந்து போய் அடுப்பைப் பற்ற வைத்தாள்.

மாமனாரை மருத்துவமனைக்கு அழைத்துப்போக வேண்டிய நாள் வந்தபோது, பெரிய மாப்பிள்ளையின் வண்டி இன்னும் மறுசோதனை முடியாமல் நின்றது. எல்லாம் தெரிந்த பிறகு மாமனார் என்ன சொல்வாரோ என்று சின்ன மாப்பிள்ளை காத்திருந்தார். மாமனார் வாசலில் நின்று, குனிந்து, முன்சக்கரத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "புதுப் பிரேக்தானே?" என்று மட்டும் கேட்டுவிட்டு முன்சீட்டில் ஏறிக்கொண்டார். பெரிய மாப்பிள்ளை பின்சீட்டில், கருவிப் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

ஏற்றம் முழுக்க மாமனார் பேசிக்கொண்டே வந்தார். எந்த வளைவில் மழைக்கு மண் சரியும், எங்கே முன்பு பஸ்ஸை நிறுத்தித் தண்ணீர் ஊற்றுவார், எல்லாம். உச்சியைத் தாண்டியதும் தூங்கிப்போனார். கை கதவோரப் பிடியில்தான் இருந்தது.

இறக்கத்தில் முதல் வளைவு வந்தபோது சின்ன மாப்பிள்ளை பிரேக்கை மிதித்தார். அதே நொடியில் பின்சீட்டிலிருந்து, இவர் இருக்கையின் முதுகில் ஒரு முழங்கால் அழுந்தியது. கண்ணாடியில் பார்த்தார். சகலை தன் பக்கத்துத் தரையில் காலை அழுத்தி ஊன்றிக்கொண்டு, இல்லாத ஒரு பிரேக்கை மிதித்துக்கொண்டிருந்தார்.

"என்ன சகலை, நம்பிக்கை இல்லையா?"

"உங்க வண்டி மேல இருக்கு" என்றார் பெரிய மாப்பிள்ளை, காலை எடுக்காமலேயே. "அடுத்த வளைவுக்கு இப்பவே கியரைக் குறைங்க."

"எனக்குத் தெரியும்."

"தெரியும்னு தெரியும். சும்மா சொன்னேன்."

சின்ன மாப்பிள்ளை கியரைக் குறைத்தார். அவர் சொல்வதற்கு முன்பே குறைத்திருக்கலாமே என்று ஒரு நிமிடம் உள்ளுக்குள் எரிந்தது.